கேமராவை மூடிக்கொண்டு நடந்தேன்

இஸ்தான்புல் நகரத்தை நான் குன்னூரில் என் கட்டிலில் சாய்ந்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். அங்கே கடைக்குக் கடை பூனை. ஒரு பருப்புக் கடையில் தராசுத் தட்டிலேயே ஒரு பூனை படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதை எழுப்ப மனசில்லாமல் பக்கத்துக் கடைத் தராசை இரவல் வாங்கி நிறுத்துக் கொடுத்தார். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெய்ப்பூர், கொச்சி, பினாங்கு என்று போய் வந்தேன். பஸ்ஸில் வாந்தி இல்லை, ஓட்டல் சாம்பாரில் சோடா உப்பு இல்லை. உலகம் சுற்ற இதைவிட வசதியான வழி எனக்குத் தெரியாது.

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஏறி வரும் படிப்பாதையில் பாசி வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டேன். தகடு வைத்துத் தைத்து அனுப்பிய டாக்டர், "வீட்டுக்குள்ள நடக்கலாம். படி மட்டும் ஆகாது" என்றார். மற்றவர்களுக்கு அது சாதாரண எச்சரிக்கை, எனக்கு வீட்டுச் சிறை. எங்கள் வீட்டுக்கு ஆட்டோ வராது. மார்க்கெட்டுக்குப் பின்னால் ரோடு முடிகிற இடத்தில் இறங்கினால் அங்கிருந்து மேலே வரைக்கும் படிகள்தான். கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து வருகிறவர் அதை வாசலில் இறக்கி வைத்துவிட்டு எங்களைப் பார்க்கிற பார்வையில் சாபம் இருக்கும். ஆனால் ஏறி வந்துவிட்டால், பள்ளத்தாக்கு முழுவதும் நமக்குத்தான் என்பதுபோல் விரிந்து கிடக்கும். எதிர்ச் சரிவில் தேயிலை, கீழே ரயில் நிலையம், மார்க்கெட்டின் தகரக் கூரைகள். வருகிறவர்கள் எல்லாரும் "கொடுத்து வெச்சவங்க நீங்க" என்பார்கள். அதைக் கேட்க எனக்கு அலுத்ததே இல்லை.

அது என் வீடு. அரசுப் பள்ளி டீச்சராக நான் வாங்கிய சம்பளத்தில் கட்டியது. வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் சிவிலியன் ஊழியராக இருந்த என் வீட்டுக்காரரின் சம்பளம் அவருடைய தங்கைகளின் கல்யாணத்துக்கும் சீருக்கும் போயிற்று. அதை நான் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 'என் வீடு, என் வீடு' என்று சொல்லிக்கொண்டே இருப்பதும் குத்திக்காட்டுவதுதான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அவர் ரிட்டயர் ஆன பிறகு அவ்வப்போது ஒரு பேச்சை எடுப்பார். "கீழ ரோட்டோரமா ஒரு சின்ன ஊடு பாத்து வாடகைக்குப் போயிரலாமா அம்மிணி? இத யாருக்காச்சும் விட்டுப்போட்டு?"

"உங்க சோம்பேறித்தனத்துக்கு என் ஊட்ட வாடகைக்கு விடோணுமாக்கும்? நடந்தா ஒடம்புக்கு நல்லதுங்க" என்பேன். அவரும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்.

நான் விழுந்த பிறகு மார்க்கெட்டுக்குப் போகிற வேலை முழுவதும் அவர் தலையில் விழுந்தது. எழுபதை நெருங்குகிற மனிதர். அவர் வாங்கி வரும் பீன்ஸ் முற்றலாக இருக்கும், உருளைக்கிழங்கில் பச்சை படர்ந்திருக்கும், கேரட் இருக்கும், கறிவேப்பிலை இருக்காது. எதையாவது மறந்து வந்தால் திருப்பி அனுப்புவேன். ஒருநாள் இஞ்சிக்காக மட்டும் அனுப்பினேன். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாட நோட்டை மறந்து வருகிற பிள்ளைகளை அப்படித்தான் அனுப்புவேன், ஒருமுறை நடந்தால் மறுமுறை மறக்காது என்று. தாமதம் வேறு. ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆகும். கேட்டால், "கீழ ஒருத்தரு புடிச்சுக்கிட்டாரு, பேசீட்டு நின்னுட்டேன்" என்பார். அதோடு, வாசலுக்கு வந்து சேரும்போது ஏதாவது ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நா இங்க அடுப்பு முன்னால நொண்டிக்கிட்டு நிக்கறனுங்க. நீங்க ஊர்க்கதை பேசீட்டு, பாட்டும் பாடீட்டு வர்றீங்க. நல்லா இருங்க" என்பேன்.

திட்டும்போதும் 'ங்க' போட்டுத் திட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். மரியாதை குறையவில்லை, அதனால் அது திட்டே இல்லை என்று நானாக ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

நான் சும்மா உட்கார்ந்து புலம்புவது பொறுக்காமல் சென்னையில் இருக்கும் மகள்தான் அந்த ஆன்லைன் நடைக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டாள். தமிழ் பேசுகிறவர்கள்தான் எல்லாரும். துபாயில் ஒருவர், சிங்கப்பூரில் ஒரு அம்மா, மதுரையில் ஒரு ஜோடி என்று பல ஊர்க்காரர்கள். ஞாயிறு காலையில் ஏதோ ஒரு நகரத்தில் ஒருவர் கைபேசியைக் குச்சியில் மாட்டிக்கொண்டு நடப்பார். நாங்கள் அவரவர் வீட்டில் இருந்தபடி கூடவே போவோம். பேச வேண்டியவர்கள் மட்டும் மைக்கைத் திறந்துகொள்ளலாம். மற்றவர்கள் ஓரத்தில் எழுதலாம். 'இடப்பக்கம் திரும்புங்கள்', 'அந்தக் கதவைக் கிட்டப் போய்க் காட்டுங்கள்' என்று எழுதினால் நடக்கிறவர் அப்படியே கேட்பார். எங்கோ இருக்கும் ஒரு ஊரில், முன்பின் தெரியாத ஒருத்தரை நம் விரல் நுனியால் நடக்க வைக்கிறோம் என்பது டீச்சராக இருந்தவளுக்குக் கொஞ்சம் ருசியாகத்தான் இருந்தது.

நான் கேமராவைத் திறந்ததே இல்லை. தலை சீவாமல் நைட்டியோடு உட்கார்ந்திருப்பவள் எதைத் திறப்பது? என் பெயர் வர வேண்டிய இடத்தில் 'கெஸ்ட்' என்று வந்தது. அதை மாற்றத் தெரியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் எல்லாரும் என்னைக் 'கெஸ்ட் ஆன்ட்டி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒரு வாரம் அறிவிப்பு வந்தது. இனி மூன்று ஞாயிறு, குன்னூர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஒரு ஏக்கமும் வந்தது. கீழே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஊரை நான் பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. நான் இந்த ஊர்க்காரி என்று மட்டும் குழுவில் சொல்லவில்லை. குன்னூரைக் கொஞ்சம் தெரியும் என்று எழுதினேன்.

நடத்த வந்தவள் கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே தங்கியிருக்கும் ஒரு இளம்பெண். துடியானவள், ஆனால் பாதிக் கதை கட்டுக்கதை. முதல் ஞாயிறு ஒரு பழைய கட்டடத்தைக் காட்டி, "இது வெள்ளைக்காரங்க குதிரை கட்டின இடம்" என்றாள். 'இல்லை. மாவு மில் இருந்த இடம்' என்று எழுதினேன். அடுத்த ஞாயிறு ஒரு மரத்துக்கு வேறு பெயர் சொன்னாள், அதையும் திருத்தினேன். குழுவில் எனக்கு ஏகப்பட்ட மதிப்பு. துபாய்க்காரர், "கெஸ்ட் ஆன்ட்டிக்குத் தெரியாத சந்தே இந்த ஊர்ல இல்ல போல" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் தலைகால் புரியாமைதான் மூன்றாவது ஞாயிறு என்னை அப்படி எழுத வைத்தது. அவள் மார்க்கெட்டை முடித்துவிட்டுப் பூங்கா பக்கம் போகலாம் என்றாள். 'பூங்காவை எல்லாரும் பார்த்தாயிற்று. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு படிப்பாதை போகும். அதில் ஏறுங்கள். மேலே நீல வர்ணம் அடித்த ஒரு வீடு இருக்கிறது. அங்கிருந்து தெரிகிற காட்சி குன்னூரில் வேறெங்கும் கிடையாது' என்று எழுதினேன். அந்த வீடு யாருடையது என்று எழுதவில்லை. முதலில் அத்தனை பேரும் பார்த்து வாயைப் பிளக்கட்டும், பிறகு கேமராவைத் திறந்து, 'அது என் வீடு' என்று சொல்லலாம் என்பது திட்டம். அதற்காக அன்று தலைகூடச் சீவியிருந்தேன்.

என் வீட்டுக்காரர் காய்கறி வாங்கப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. இன்றைக்கு யாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரோ என்று ஒரு பக்கம் எரிச்சல். கீழே எங்காவது நம் ஆளும் படத்தில் விழுவார், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

அவள் படியேற ஆரம்பித்தாள். சுவரோரத்துப் பாசி, கைப்பிடிக் கம்பி, குழாயடி எல்லாம் ஆடி ஆடி வந்தன. நான் விழுந்த படி வந்தது. அவளுக்கே மூச்சு வாங்கியது. "யப்பா, செம ஏத்தம்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதில்தான் நான் அத்தனை வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு திருப்பத்தில், சில்வர் ஓக் மரத்துக்குக் கீழே, ஒருவர் படியில் உட்கார்ந்திருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. இரண்டு பக்கமும் இரண்டு பைகள். தலையைக் குனிந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோள் ஏறி இறங்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நான் பின்னிக் கொடுத்த பழுப்பு ஸ்வெட்டர்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்ற கோபம். அது ஒரு நொடிதான். அவள் முன்பக்கம் போனதும் அவர் முகம் தெரிந்தது. உதடு வெளுத்திருந்தது. அத்தனை குளிரில் நெற்றி வியர்த்திருந்தது.

"தாத்தா, முடியலையா? தண்ணி தரட்டுமா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. செத்த நேரம் உக்காந்தா செரியாப் போயிரும்" என்றார் அவர். பிறகு குச்சியைப் பார்த்து, "அதென்ன, போட்டோ புடிக்கறயா?"

"ஒரு குரூப்புக்கு ஊரைக் காட்டுறேன் தாத்தா. நிறைய பேர் இப்ப உங்களைப் பார்த்துட்டு இருக்காங்க. பேசுறீங்களா?"

அவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, தலையிலிருந்த குல்லாவைச் சரி செய்துகொண்டு, "எல்லாத்துக்கும் வணக்கமுங்க" என்று கும்பிட்டார். கல்யாண மேடைக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டது அன்றைக்குத்தான். நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது.

சிங்கப்பூர் அம்மா மைக்கைத் திறந்து, "இந்த வயசுல நீங்க ஏன் சுமக்கணும்? வீட்டில வேற யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

"ஊட்டுக்காரி இருக்கறாங்க. பாவம், கால் ஒடிஞ்சு போச்சு. நாந்தான் போயாகோணும்."

"தினமும் இப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுவீங்களா தாத்தா?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா கண்ணு. கொழாயடில ஒருக்கா உக்காருவேன். அப்பறம் இங்க. மேல ஊட்டுக்குக் கொஞ்சம் கீழ ஒருக்கா நின்னு, மூச்செல்லாம் அடங்குன பொறகு ஒரு பாட்டுப் பாடிப் பாப்பேன். கொரல் நடுங்காம வந்துச்சுன்னா உள்ள போவேன்." அதைச் சொல்லிவிட்டு, ஏதோ சாமர்த்தியம் செய்தவர் மாதிரி சிரித்தார்.



"டாக்டர்கிட்ட காட்டலையா?" என்றாள் அவள்.

"காட்டாம என்ன? நெஞ்சுல அடைப்பு இருக்குதுன்னு மாத்திரை குடுத்திருக்கறாரு. படி ஏறவே கூடாதுன்னாரு. படி ஏறாம எப்பிடி ஊட்டுக்குப் போறது, பறந்தா போக முடியும்?" அவர் பைக்குள் கையை விட்டுத் துழாவி, காய்களுக்கு அடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். "ஊட்டுக்குள்ள கொண்டு போறதில்ல. கீழ காப்பிக்கடைல குடுத்து வெச்சிருவேன். இன்னைக்கு மறந்து கொண்டாந்துட்டேன்."

"அம்மாகிட்ட சொல்லிடலாமே?"

அவர் மாத்திரை அட்டையை ஸ்வெட்டருக்குள் சொருகிக்கொண்டார். "சொன்னா அந்த ஊட்ட விட்டு எறங்கோணும். அது அவ சம்பாரிச்சுக் கட்டுன ஊடு. அவளுக்கு அதுதான் உசுரு. கால் ஒடிஞ்சு உள்ளேயே கெடக்கறா. இருக்கற ஒரு சந்தோசத்தையும் நானே புடுங்கறதா?" என்றார். பிறகு, அந்நியர்களிடம் என்னை விட்டுக்கொடுத்துவிட்டோமோ என்று நினைத்தவர் போல, "நல்லவ. டீச்சரா இருந்தவ. கொஞ்சம் சத்தம் போடுவா, அவ்வளவுதான். அதுக்கு நா கீழ ஒருத்தரு புடிச்சுக்கிட்டாருன்னு சொல்லிப்போடுவேன். பொய்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

அதற்குள் ஓரத்தில் ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்திருந்தார்கள். 'பாவம் தாத்தா', 'கண் கலங்குகிறது' என்றெல்லாம். யாரோ ஒருவர், 'இது தெரியாமலா அந்த அம்மா இருக்கிறார்? கூடவே இருப்பவருக்கு முகத்தைப் பார்த்தால் தெரியாதா?' என்று எழுதினார். சுருக்கென்றது. அவர் வீட்டுக்குள் நுழையும்போது நான் பார்ப்பது பையைத்தான். பீன்ஸ் முற்றலா, இளசா என்றுதான் பார்ப்பேன்.

அதற்குக் கீழே துபாய்க்காரர் எழுதியிருந்தார். 'கெஸ்ட் ஆன்ட்டி, உங்களுக்கு இந்த ஊரில் எல்லாம் தெரியுமே. இவரை உங்களுக்குத் தெரியுமா?'

விரல் திரை மேலேயே நின்றது. மாவு மில் எங்கே இருந்தது என்று தெரியும், மரத்தின் பெயர் தெரியும். இவரைத் தெரியும் என்று எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மைக்கைத் திறந்து, 'ஏனுங்க, அங்கேயே இருங்க, எந்திரிக்காதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் குரல் அந்தப் பெண்ணின் கைபேசியில் அவருக்குக் கேட்டிருக்கும். சொல்லவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் அந்த அம்மா நான்தான் என்று தெரிந்துவிடும் என்ற பயம். அப்போதும் என்னைப் பற்றித்தான் நினைத்தேன். இப்போது இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

"நான் ஒரு பையைத் தூக்கிட்டு வர்றேன் தாத்தா. நாங்களும் மேல அந்த நீல வீட்டைப் பார்க்கத்தான் போறோம்" என்றாள் அந்தப் பெண்.

அவர் பதறி எழுந்துவிட்டார். "அது எங்கூடுதான் கண்ணு. இப்ப வராதீங்க. இன்னொரு நாள், அவ கால் செரியான பொறகு வாங்க, காப்பி குடிச்சுப்போட்டுப் போலாம். ஆளுக தொணைக்கு வந்தா எதுக்குன்னு கேப்பா."

கைபேசியை அணைத்துவிட்டேன். குழுவிலிருந்து வெளியே வருகிற பொத்தானை அழுத்தக்கூடத் தோன்றவில்லை, மொத்தமாக அணைத்துத் தலையணைக்கு அடியில் சொருகினேன்.

பிறகு காத்திருந்தேன். அவர் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு இப்போது தெரியும். ஒவ்வொரு படியாக மனதில் ஏறினேன். மரத்தடி தாண்டியாயிற்று, அடுத்த வளைவும் தாண்டியாயிற்று. நொண்டிக்கொண்டே வாசல் வரை போய் நின்றேன். அதற்கு மேல் எனக்குப் படி ஆகாது. கீழே திருப்பத்துக்குப் பின்னால் காலடிச் சத்தம் வந்து நின்றது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதியில் நான் வேண்டிக்கொண்ட மாதிரி என் பிரசவத்துக்குக்கூட வேண்டிக்கொண்டதில்லை. அப்புறம் பாட்டுக் கேட்டது. முதல் வரி கரகரத்தது. நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து பாடினார்.

நான் அவசரமாக உள்ளே வந்து அடுப்படியில் நின்றுகொண்டேன். வாசலில் நின்று அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"கீழ ஒருத்தரு புடிச்சுக்கிட்டாரு அம்மிணி" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"செரிங்க. அதனால என்ன? உக்காருங்க மொதல்ல" என்றேன். சொம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். உட்காரவில்லை. பையைப் பார்க்காமல் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டில் நிறம் இன்னும் திரும்பவில்லை. ஸ்வெட்டரின் கழுத்துப் பக்கம் நனைந்திருந்தது. இது இன்றைக்கு மட்டும் இருந்திருக்காது. இத்தனை மாதமும் இருந்திருக்கும்.

"ஏனுங்க, நாம கீழ ரோட்டோரமா ஒரு ஊடு பாத்துக்கலாமுங்க. இது வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் தண்ணீரைக் குடிக்காமல் சொம்பைக் கீழே வைத்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். அந்த முகத்தில் நிம்மதி வரும் என்று நான் நினைத்திருந்தேன். வந்தது பயம். குனிந்து பையைத் திறந்து, பீன்ஸ், கேரட், தக்காளி என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்ப ஆரம்பித்தார். இன்னொரு பையையும் கவிழ்த்தார். செருப்பை அவர் கழற்றவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"இப்பிடிக் கோவிச்சுக்காத. எதை மறந்துட்டேன்னு சொல்லிப்போடு அம்மிணி" என்றார். "மழை வர்றதுக்குள்ள ஓடிப் போயி வாங்கீட்டு வந்தர்றேன்."